வாத்துக்குக் குழாய் உருட்டிய வருஷம்

தலைக்கு டை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது சிவகாசிப் பக்கம் வாத்து வளர்த்ததுண்டா? கோழி வளர்த்திருப்பீர்கள். புறா வளர்த்திருப்பீர்கள். ஆட்டுக்குட்டிக்குப் பேர் வைத்து, பிறகு அதே ஆட்டுக்காக அழுதும் இருப்பீர்கள். ஆனால் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற தெருக்களில், நீந்துகிற பறவையைக் கொண்டுவந்து வளர்க்கிற அளவுக்கு யாருக்கும் புத்தி கெட்டிருக்காது. எங்கள் வீட்டுக்குக் கெட்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. செல்போன் ஊருக்குள் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. நான் நான்காம் வகுப்பு. அக்கா ஏழாம் வகுப்பு. அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். லாரியோடு போய், தென்காசி வரைக்கும் கேரளா வரைக்கும் சரக்கை இறக்கிவிட்டு வருவார். அம்மா வீட்டிலிருந்தே காகிதக் குழாய் உருட்டுவாள். வெடிக்கு மருந்து அடைப்பது கம்பெனியில். எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் பழுப்புக் காகிதமும் மைதாவும்தான்.

அம்மா வேலை செய்கிறதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காகிதத்தில் பசையைத் தடவுவாள், இரும்புக் கம்பியை அதன் ஓரத்தில் வைப்பாள், பலகையால் ஒரு தள்ளு. குழாய் ஆகிவிடும். உடனே கம்பியை உருவிவிட்டு முற்றத்து வெயிலில் போடுவாள். சாயங்காலம் எடுத்துத் தட்டினால் டொக் டொக் என்று மரம்போலச் சத்தம் கேட்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பாள். அதனால் அவள் விரல்கள் எப்போதும் லேசான நீலமாகவே இருக்கும். சோறு பிசைய மட்டும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். எங்கள் வீட்டு வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் புளித்த மைதா வாசனைதான். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை ஒட்டும்போது பசை மணத்ததில் நான் கண் கலங்க, மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோனார்கள்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், அப்பா ஒரு சரவெடி அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் என்னவோ அசைந்தது.

"என்னங்க அது?" என்றாள் அம்மா.

"கறி" என்றார் அப்பா.

பெட்டியைத் திறந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு வாத்து. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. ராஜபாளையம் ரோட்டில் வாத்துக் கூட்டம் குறுக்கே போனபோது எவனோ பைக்கை விட்டுவிட்டானாம். வாத்து மேய்க்கிறவர், இது இனி கூட்டத்தோடு நடக்காது, கொண்டு போங்க என்று அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். லாரியில் அப்பாவின் மடியிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

அம்மா குனிந்து அதைப் பார்த்தாள். அதுவும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

"இந்த நெலமையில இத அறுக்கக் கூடாது" என்றாள்.

"ஏன்?"

"நோவுல கெடக்குற உசுர அறுத்தா தொண்டைக்குள்ள எறங்குமா? மொதல்ல சரியாகட்டும். பெறகு என்னமும் செஞ்சுக்கோங்க."

அப்பா எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். எங்கள் முகத்தில் என்ன இருந்ததோ, விரலை நீட்டி எச்சரித்தார். "நல்லா கேட்டுக்கோங்க. இது வளக்குறதுக்கு வந்தது இல்ல. கால் நேரானதும் கொழம்பு. சாத்தூர்ல பெரியப்பாட்ட போன் பண்ணிச் சொல்லியாச்சு. தீவாளிக்கு வாறாக."

பெரியப்பாவிடம் சொல்லியாகிவிட்டது என்றால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் போர்மேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே நாங்கள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்போம். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

இப்படியாக எங்கள் தலையில் ஒரு விசித்திரமான பொறுப்பு விழுந்தது. வாத்து சரியாகாவிட்டால் செத்துப்போகும். சரியானால் குழம்பாகும். அக்காவும் நானும் அன்றைக்கே கூடிப் பேசினோம். செத்துப்போகாமலும் முழுசாகச் சரியாகாமலும் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். லாரியில் வந்ததால் அக்கா அதற்கு லோடு என்று பேர் வைத்தாள்.

கட்டுப் போடுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா சொன்னபோது, "கொழம்புக்குப் போறதுக்கு ஆஸ்பத்திரியா" என்று அப்பா கேட்டதில் அந்தப் பேச்சு நின்றது. குழாயைத் தனியாக உருட்டி மாட்ட முடியாது, கீழே அகலமான பாதம் தடுக்கும். அதனால் காலையே கம்பியாக வைத்துக்கொண்டு அதன் மேலேயே உருட்டிவிடலாம் என்று அம்மா யோசனை செய்தாள். பழைய வேட்டித் துணியில் மஞ்சள் பூசிச் சுற்றினாள். இரண்டு பக்கமும் ராக்கெட் குச்சியை ஒடித்து வைத்தாள். வாத்து கொத்தும், துத்தம் விஷம் என்பதால், அன்றைக்கு மட்டும் துத்தம் போடாமல் பசை காய்ச்சினாள்.

மேல் சுற்றுக்கு வழவழப்பான தாள் வேண்டும் என்றாள். அதற்கென்ன பஞ்சம்? அச்சாபீசில் நிறம் பிசகிய காலண்டர்த் தாள்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும். நோட்டுக்கு அட்டை போடுவோம், அலமாரியில் விரிப்போம். அக்கா ஒரு கட்டைக் கொண்டுவந்து பிரித்தாள். முதலில் முருகன் வந்தார்.

"கால்ல சுத்துறதுக்குச் சாமியா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து லட்சுமி. அடுத்து பிள்ளையார், மூக்கு இரண்டாக அச்சாகி. அடுத்து மறுபடியும் லட்சுமி. வாத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கை கடுத்தது. "எதாச்சும் மனுசப்பய படம் இல்லையா" என்றார். கட்டின் அடியில் ஒரு வெளிநாட்டு ஏரிப் படம் கிடைத்தது. பனிமலை, கீழே நீல நிறத்தில் தண்ணீர். அதைத்தான் சுற்றினாள். லோடு தன் காலைப் பார்த்தது. ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

இனிமேல் நடந்ததை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். குழாய் உருட்டினால் வெயிலில் காயவைக்க வேண்டும் இல்லையா? லோடை ஒரு கூடையில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை மட்டும் வெளியே இழுத்துவைத்து, முற்றத்தில் வெயிலில் வைத்தோம். உடம்புக்கு வெயில் படாமல் இருக்க அப்பாவின் வளைந்த பிடிக் குடையை விரித்துப் பிடித்தோம். நானும் அக்காவும் முறை வைத்துக்கொண்டோம். எதிர்வீட்டு மளிகைக்கடை பாய் கடைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்.

"என்னம்மா, வாத்துக்குக் குடை பிடிக்கிறீக?"

"கால் காயுது பாய்."

அவர் குடையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். சாயங்காலம் அம்மா கட்டைத் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் லோடு கத்தவில்லை. கூடைக்குள் கழுத்தை முதுகில் புதைத்துக்கொண்டு கிடந்தது. வைத்த குருணை வைத்தபடி இருந்தது. காலைப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே பாதம் உப்பி, ஆரஞ்சு நிறமெல்லாம் போய், கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கம்பிய உருவாம காய வச்சிட்டேனே" என்றாள். "காயக் காயக் குழாய் இறுக்கிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெனமும் அதத்தானே செய்றேன். ஈரத்தோட உருவலேன்னா கம்பியே வராதே."

கத்தரியை நுழைக்க இடமில்லை. பிளேடு போட்டால் கால் அறுந்துவிடும். அப்பா லாரியோடு போயிருந்தார். அம்மா தலையை நிமிர்த்தி அடுப்படியைப் பார்த்தாள். அங்கே மூலையில் பித்தளை அண்டா இருந்தது. குடிதண்ணீர் அண்டா. லாரித் தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்தது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அண்டாவில் கை விட்டு மொண்டால்கூட எங்களுக்கு அடி விழும். முகம் கழுவவும் அதில் எடுக்கக் கூடாது.

அம்மா மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். லோடைத் தூக்கினாள். அண்டாவுக்குள் விட்டாள்.

கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. தண்ணீரின் மேல் சும்மா மிதந்தது. பிறகு தலையை முக்கியது. நிமிர்த்தியது. தண்ணீர் முதுகில் உருண்டு ஓடியது. மறுபடி முக்கியது. அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கத்து கத்தியது பாருங்கள், அடுப்படியே அதிர்ந்தது. இறக்கையை அடித்ததில் அம்மாவின் முகம், என் சட்டை, அக்காவின் ரெட்டைச் சடை, மேலே பரணில் இருந்த அரிசி டப்பா எல்லாம் நனைந்தன. நாங்கள் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அது தண்ணீரா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பசை ஊறியது. ஏரியும் பனிமலையும் தாள் தாளாகக் கழன்று அண்டாவில் மிதந்தன. கத்தரி சுலபமாக நுழைந்தது. கட்டை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே அந்தப் பாதத்தை அம்மா மெதுவாக நீவிக்கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பி வந்தது.

அப்பா வந்தபோது லோடு இன்னும் அண்டாவில்தான் இருந்தது. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"குடிக்கிற தண்ணியிலயா?" என்றார்.

"ஆமா" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

அப்பா கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தோம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முங்கிறாதா?" என்று கேட்டார்.

"வாத்துங்க அது" என்றாள் அம்மா.

பாய் வீட்டிலிருந்து இரண்டு குடம் குடிதண்ணீர் வந்தது. அந்த வாரம் அதை வைத்து ஓட்டினோம்.

இரண்டாவது கட்டை அம்மா முறைப்படி செய்தாள். கம்பியில் உருட்டி, உருவி, காயவைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். துணி சுற்றிய காலுக்கு இரண்டு பக்கமும் அதை வைத்து நாடாவால் கட்டினாள். வேண்டும்போது அவிழ்க்கலாம், தளர்த்தலாம். தண்ணீரில் மிதக்கும்போது காலில் பாரம் இல்லாமல் லோடு சந்தோஷமாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அம்மாதான். ஆனால் தினமும் தண்ணீருக்கு எங்கே போவது? அக்கா தெருவில் இறங்கினாள். அரிசி கழுவுகிற தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து தெருவே போசியும் வாளியுமாக வந்தது. பசை கலக்கிற பழைய இரும்புத் தொட்டியைக் கழுவி, அதில் ஊற்றினோம். வெள்ளைத் தண்ணீரில் பழுப்பு வாத்து. குளித்து முடித்ததும் அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது. அந்த வருஷம் எங்கள் கறிவேப்பிலை வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து, தெருவில் எல்லோரும் வந்து உரிமையோடு பறித்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் சும்மா போவார்களா? "கொழுப்பு ஏறிருக்கே" என்று முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். "தீவாளிக்கு எங்களுக்கும் ஒரு கிண்ணம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாதான் எல்லோரையும்விட மோசம் என்று அப்போது நினைத்தேன். வேலை முடிந்து வரும்போது ஈரத்துணியில் முடிந்து நத்தை கொண்டுவருவார். லாரியை எந்தக் கண்மாய்க் கரையில் நிறுத்திப் பொறுக்குவாரோ தெரியாது. அதை உடைத்து ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே ஊட்டுவார். கறி பிடிப்பதற்காக ஊட்டுகிறார் என்று நானும் அக்காவும் உள்ளுக்குள் கொதித்தோம். ஒரு தடவை அக்கா நத்தையை ஒளித்துவைத்தாள். அப்பா தேடித் தேடிப் பார்த்துவிட்டு, முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

சாயங்காலம் தினமும் சோதனை நடக்கும். கட்டை அவிழ்த்துவிட்டு லோடை வாசலில் விடச் சொல்வார். அது போகும், திரும்பி வரும். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

"நொண்டுது" என்பார். "கட்டு."

எங்களுக்கு உயிர் திரும்பி வரும். நாள் ஆக ஆக லோடு நன்றாகவே நடந்தது. அதனால் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வோம். நடக்கவிட்டால்தானே தெரியும்? பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அக்கா அதைத் தூக்கிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். அது அவள் பேனா மூடியைக் கொத்திக்கொண்டிருக்கும். ஈர இறகின் வாடை அவள் யூனிபார்மில் ஏறி, வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பாய் கடைக்குப் போன் பண்ணினார். தீபாவளி வரைக்கும் எதற்கு, இந்த வாரமே வரவா என்று கேட்டாராம். அப்பா கடையிலிருந்து திரும்பி வந்து, "புரட்டாசி பொறந்துருச்சுல்ல, கறி ஆகாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். அம்மா பலகையைத் தள்ளுகிறதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் புரட்டாசிக்கு விரதம் இருந்ததே இல்லை. அந்த வருஷம் அப்பா இருந்தார். கருவாடுகூடத் தொடவில்லை.

ஐப்பசி வந்துவிட்டது. கட்டைக் கழற்றிப் பல நாள் ஆகியிருந்தது. தீபாவளியும் வந்தது. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுப் பாவாடை, இட்லி. தெருவெல்லாம் வெடிச் சத்தம். ஊருக்கே வெடி செய்து அனுப்புகிற எங்கள் தெருவில், அன்றைக்கு ஒரு நாள்தான் நாங்களும் வெடிப்போம். நான் எதையும் தொடவில்லை. லோடைப் பின்கட்டுக் கூடையில் வைத்து, மேலே குடையை விரித்து மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுகிற சத்தம். கையில் ஒரு தூக்குவாளி. பெரியம்மா அம்மியில் அரைத்துக் கொடுத்துவிட்ட மசாலா அது. மிளகு, சீரகம், வறுத்த தேங்காய். வீடு முழுவதும் மணந்தது. அந்த மணத்தைப் போல என்னைப் பயமுறுத்திய மணம் இன்னொன்று கிடையாது.

"எங்கலே தம்பி, வாத்து?" என்றார்.

அப்பா எழுந்தார். "அண்ணே, அதுக்கு இன்னும் கால் சரியாகல. நோவுல கெடக்குறத அறுக்கக் கூடாதுன்னு இவ சொல்லுதா." அம்மாவைக் கை காட்டினார்.

அம்மா தலையை ஆட்டினாள். "ஆமா மச்சான். நொண்டுது."

"ரெண்டு மாசமாவா நொண்டுது? கொண்டாங்க பாப்போம்."

நான் லோடை இறுகப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். "எறக்கி விடு தாயி" என்றார் பெரியப்பா. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வேறு வழியில்லை. குனிந்து தரையில் விட்டேன். நொண்டு, நொண்டு, ஒரே ஒரு தடவை நொண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே விட்டேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் யாரோ சரவெடியைப் பற்றவைத்தார்கள்.

லோடு ஓடியது. வாத்து அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, முற்றத்தை நேர்கோட்டில் கடந்து, காய்ந்துகொண்டிருந்த காலிக் குழாய்களைச் சிதறடித்து, தொட்டியைச் சுற்றித் திரும்பி, வந்த வேகத்தில் அப்பாவின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து நின்றுகொண்டது. வெடிச் சத்தம் ஓய்ந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா கீழே பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

"பாத்தீகளாண்ணே? எம்புட்டு நொண்டுது."

பெரியப்பா வாத்தைப் பார்த்தார். தம்பியின் வேட்டி ஓரத்தை வாத்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததையும், அதை எடுத்துவிடாமல் தம்பி நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தூக்குவாளியை அம்மாவிடம் நீட்டினார்.

"உருளக்கெழங்கு இருந்தா இதப் போட்டு வையி" என்றார்.

அந்த உருளைக்கிழங்குக் குழம்பின் ருசியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நானும் எத்தனையோ தடவை அதே மசாலாவை அரைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. பெரியப்பா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, இலையில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு கைச் சோற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். குத்தவைத்து உட்கார்ந்து, சோற்றைத் தரையில் வைத்து, நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து லோடு தபதபவென்று பாய்ந்து வந்தது.

பெரியப்பா அதன் முதுகைத் தடவிக்கொண்டே, எங்களுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"பாவம். எட்டு எடுத்து வைக்கவே முடியல."